வலிக்கு ஓர் எண்

ஏழு என்று சொல்லியிருக்கக் கூடாது. எட்டு என்றிருக்கலாம், துணிந்து ஒன்பது என்றுகூட இருக்கலாம். பத்து மட்டும் ஆகாது. பத்து என்றால் போதை மருந்துக்கு அலைகிறவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அப்புறம் நான் செத்து விழுந்தாலும் நடிக்கிறாள் என்றுதான் இருக்கும். மேசைக்கு அந்தப்புறம் இருக்கிற நர்ஸ், ஹெதர் என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறாள், ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு எந்த எண் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். ஏழு என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அதுதான் பிசகு. சிரிக்காமல் சொல்லியிருந்தால்? முறைக்கிறாள் என்று ஆகியிருக்கும். அவள் என் சிரிப்பைப் பார்த்தாள், முத்துத் தோட்டைப் பார்த்தாள், இஸ்திரி போட்ட சந்தன நிறச் சட்டையைப் பார்த்தாள், பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் இரண்டே தட்டில் என்னமோ அடித்தாள். தலைவலி என்று மட்டும் அடித்திருப்பாள். நான் மூன்று விஷயம் சொன்னேன். தலை வெடிக்கிறது, கண்ணில் மின்னல் மின்னலாக வருகிறது, குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பொண்ணா பையனா என்று கேட்டாள், பெண் என்றேன், பச்சைக் குழந்தைக்காரிகளுக்கு ஏது தூக்கம், தண்ணீர் நிறையக் குடியுங்கள், உள்ளே கூப்பிட்டதும் ரத்த அழுத்தமெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

உட்கார்ந்திருக்கிறேன். நீல பிளாஸ்டிக் நாற்காலி, மேலே குழல் விளக்கு, அந்த வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் இறங்குகிறது. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, யாரோ கேக்குக்கு மேல் க்ரீம் தடவுகிறார்கள், தடவிக்கொண்டே இருக்கிறார்கள். பிடரியில் ஆரம்பித்த வலி இப்போது இரண்டு கண்ணுக்கும் பின்னால் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. வலது விலாவுக்குக் கீழேயும் ஏதோ அழுத்துகிறது, அதை நான் சொல்லவில்லை, நான்காவதாக ஒன்றைச் சொன்னால் அடுக்கிக்கொண்டே போகிறாள் என்று நினைத்துவிடுவாளோ என்று விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். மோதிரம் விரலில் இறுகிக்கொண்டு வருகிறது. பால் கட்டி மார்பு கல்லாக இருக்கிறது. அந்த மூலையில் யார் குழந்தையோ அழுகிறது, அழுத உடனே சட்டைக்குள் நனைகிறது, கோட்டை இழுத்து மூடிக்கொள்கிறேன். நனைந்த சட்டையோடு பார்த்தால் என்ன நினைப்பார்கள்? என்ன நினைத்தால் என்ன? இல்லை, நினைப்பதுதான் இங்கே எல்லாம். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ் காரில் குழந்தையின் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தாள், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி, வீக்கம், இதில் எது வந்தாலும் உடனே ஓடி வந்துவிட வேண்டும், ரத்த அழுத்தம் ஏறினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து என்று. நான் உடனே ஓடி வந்தேனா? வரவில்லை. காலையில் கண்ணில் முதல் மின்னல் அடித்ததும் நான் என்ன செய்தேன் என்றால், குளித்தேன். தலையைப் படிய வாரிக் கொண்டை போட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். தலை வெடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காலருக்கு இஸ்திரி போட்டேன். என் வீட்டுக்காரர் கெல்வின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, ரெனி, போதும் கிளம்பு என்றார், நான் உதட்டுச்சாயம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். உலகத்தில் வேறு யாராவது உயிர் போகிற அவசரத்தில் உதட்டுச்சாயம் தேடுவார்களா? எங்கள் ஆட்கள், கறுப்பு ஆட்கள், தேடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தேடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் பாங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது சர்ச்சுக்குப் போகிற உடுப்பில்தான் போக வேண்டும், அப்போதுதான் மனுஷியாக நடத்துவார்கள் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் மேசைக்காரி பார்த்தாள். பார்த்துவிட்டு, இவ்வளவு அலங்காரம் செய்துகொண்டு வந்திருக்கிறவளுக்கு அப்படி என்ன வலி இருந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். அலங்கோலமாக வந்திருந்தால் வேறு ஒன்றை நினைத்திருப்பாள். எப்படி வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன், எந்த உடுப்பும் பிடிபடவில்லை.

அம்மாவுக்கு இரண்டு குரல் உண்டு. வீட்டுக்கு ஒன்று, டெலிபோனுக்கு ஒன்று. என்னையும் தம்பியையும் தெருவிலிருந்து கூப்பிடும் குரல் கடைசி வீடு வரை போகும். போன் மணி அடித்தால் போதும், அதே வாயிலிருந்து வேறொரு பெண் பேசுவாள், ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்து அடுக்கி வைக்கிற பெண், வெள்ளைக்காரப் பெண். அந்தக் குரலில் ஒருநாள் வாடகை வீட்டுக்காகப் பேசினாள். இங்கேதான், கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கம், மாடியில் இரண்டு அறை, பின்னால் செர்ரி மரம். வீட்டுக்காரி போனிலேயே குழைந்துவிட்டாள், உங்களை மாதிரிக் குடும்பத்துக்காகத்தான் காத்திருக்கிறேன், இன்றைக்கே வாருங்கள் என்றாள். போனோம். எனக்கு எட்டு வயசு. கதவு திறந்தது. வீட்டுக்காரி அம்மாவைப் பார்த்தாள், அம்மாவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள், அப்புறம்தான் புரிந்தது அவளுக்கு. ஐயோ, இப்போதுதானே ஒருவர் வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார் என்றாள். ஜன்னலில் வாடகைக்கு என்ற அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்டலாம் என்று நான் கையைத் தூக்கினேன், அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். நன்றி மேடம் என்றாள், அதே டெலிபோன் குரலில். திரும்புகிற வழியில் பஸ்ஸில் இறங்குகிற இடம் வரும்போது, "சர்ச்சுக்குப் போடற அந்த ஊதாத் தொப்பியை வெச்சுக்கிட்டு வந்திருக்கணும்" என்றாள். தொப்பி. அவளுக்குத் தெரியாதா தொப்பியால் ஒன்றும் ஆகாது என்று? தெரியும். ஆனால் தொப்பி என்றால் அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாம், அதுதான் விஷயம். ஏழு என்றால் அடுத்த தடவை எட்டு என்று சொல்லலாம். நானும் தொப்பியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குரலை எனக்கும் கொடுத்துவிட்டாள். அதை வைத்துத்தான் பிழைப்பு. மின்சாரக் கம்பெனியில் புகார் வாங்கும் வேலை, காதில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் பேச வேண்டும், யார் கத்தினாலும் நான் கத்தக் கூடாது. ஒரு கிழவி, புயலில் கரண்ட் போனவள், இரண்டாம் தடவை கூப்பிட்டாள். நல்லவேளை உன்னை மாதிரி ஒரு பொண்ணு கிடைச்சே, நேத்து சாயங்காலம் பேசினவ அவங்க ஆளு, திமிரு பிடிச்சவ, ஒண்ணும் தெரியலை என்றாள். முந்தின நாள் சாயங்காலம் பேசினவளும் நான்தான். வேலை முடிகிற நேரம், அலுப்பில் குரல் கொஞ்சம் நழுவியிருக்கும். நன்றி மேடம், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு வைத்தேன். பக்கத்து நாற்காலி ட்ரீனாவிடம் சொன்னேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்போது அவளுக்கு ஏழாம் மாசம், சிரிக்க வைக்காதே, இங்கேயே பெற்றுவிடுவேன் என்றாள். ட்ரீனாவை நினைக்க வேண்டாம். கேக்கைப் பார். க்ரீம் தடவி முடித்துவிட்டார்கள், இப்போது மேலே பழம் வைக்கிறார்கள். பெற்று மூன்று வாரத்தில் ட்ரீனா போய்விட்டாள். வேறோர் ஆஸ்பத்திரி, வேறு மேசை. தலைவலி என்று போனாளாம், மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம், மறுபடி போனாளாம். சர்ச்சில் எல்லோரும் திடீரென்று போய்விட்டாள் என்றுதான் சொன்னார்கள். திடீரென்று என்ன திடீரென்று? இரண்டு தடவை போய் உட்கார்ந்திருக்கிறாள். இந்த மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவளும் ஓர் எண்ணைச் சொல்லியிருப்பாள். என்ன எண் சொன்னாள்? ஏழா? அவளிடம் கேட்க வேண்டும் போல் இருக்கிறது, பைத்தியக்காரத்தனம், அவளிடம் எங்கே போய்க் கேட்பது.

போன் அதிர்கிறது. கெல்வின். பார்த்துவிட்டார்களா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இன்னும் இல்லை என்று அடிக்கிறேன். நான் வரவா என்கிறார். வேண்டாம் என்கிறேன். வேண்டாம் என்று அடிக்கும்போதே வாருங்கள், வாருங்கள் என்று உள்ளே கத்துகிறேன். கெல்வின் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனுஷன், ஆனால் வாசலில் நின்றால் நிலைப்படி நிறைந்துவிடும், அதுதான் அவர் செய்த குற்றம். பிரசவத்தன்று எனக்கு வலி பொறுக்கவில்லை, முதுகில் ஊசி போடுகிற டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று இரண்டு தடவை தன்மையாகக் கேட்டார். மூன்றாம் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது. கொஞ்சம்தான், நான் சாட்சி. டாக்டர் வரவில்லை, காவலாளி வந்தான். இடுப்புப் பெல்ட்டில் கையை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். கெல்வின் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டியபடி சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார். என் பெண் பிறந்தபோது அவள் அப்பா அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார், சுவரோடு ஒட்டி, கையைத் தூக்கிக்கொண்டு. பிறந்த குழந்தையை வாங்க நீட்ட வேண்டிய கை. அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன், இனிமேல் என் ஆயுசுக்கும் அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் இன்றைக்கு நீங்கள் குழந்தையோடு இருங்கள், நான் தனியாகப் போய்விட்டு வருகிறேன், பொம்பளை தனியாகப் போனால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். யாரும் பயப்படவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் யாரும் பயப்படவில்லை.

விரலில் துணி சுற்றிய ஆளைக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரன். வரும்போதே, ரொட்டி வெட்டும்போது கத்தி நழுவிவிட்டது, யாராவது வந்து பாருங்களேன் என்று கத்திக்கொண்டு வந்தான், மேசைக்காரி எழுந்தே போய்விட்டாள். ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, சரி, அதனால் இருக்கும். என் ரத்தம் உள்ளே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நிறத்தைக் கொண்டுவந்து மாட்டாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதுவும் ஒரு வேலை, சம்பளமில்லாத வேலை, ஒவ்வொரு தடவையும் அவர்கள் பக்க வக்கீலாகவும் நானே நின்று வாதாடுவது. கடையில் ஒருத்தி என் பின்னாலேயே வந்து மடித்த துணியை மறுபடி மடித்தால், பாவம், அவளுக்கு வேலையில் அக்கறை. ஆபீசில் புது மேனேஜர் கேட்காமல் என் கூந்தலைத் தொட்டுப் பார்த்தால், ஆசையாகத் தொட்டாள். நீ எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாய் என்றால், பாராட்டு. எல்லோருக்கும் விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மட்டும் வாய்தா. எழுந்து மேசைக்குப் போகிறேன், இரண்டாம் தடவை. மன்னிக்கணும், வலி கொஞ்சம் அதிகமாகிற மாதிரி இருக்கிறது என்கிறேன். கொஞ்சம் என்கிறேன், மாதிரி என்கிறேன், வெட்கக்கேடு. டெலிபோன் குரல்தான் வருகிறது, வேறு வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்காமல், வரிசையில் இருக்கிறீர்கள் கண்ணு, கூப்பிடுவார்கள் என்கிறாள். கதவோரம் காவலாளி என்னைப் பார்க்கிறார். இவர் எங்கள் ஆள். மீசை நரைத்திருக்கிறது. ஒரு நொடி நெஞ்சு இளகுகிறது, யாரோ இருக்கிறார் என்று. அவர் பார்வை என் கைகளுக்கு இறங்குகிறது, கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கிறார். அவருக்கும் அதுதான் பழக்கம்.

திரும்பி உட்கார்ந்திருக்கிறேன், அல்லது உட்கார்ந்ததாக நினைக்கிறேன். டிவியில் கேக்கின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது. கேக்கில் இல்லை, என் கண்ணில். கண்ணை எங்கே திருப்பினாலும் அந்த ஓட்டையும் கூடவே வருகிறது, ஓரமெல்லாம் மினுக்குகிறது. கையைப் பார்த்தால் விரல் இல்லை. மேசைக்காரியைப் பார்த்தால் முகம் இல்லை, முடியும் பெயர் அட்டையும் இருக்கின்றன. பயம். பயமாக இருக்கிறது, எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, என் பெண்ணுக்கு இன்னும் பெயர்கூட முடிவாகவில்லை, கெல்வின் ஒன்று சொல்கிறார் நான் ஒன்று சொல்கிறேன், அதை முடிக்காமல் செத்துப்போனால் அவர் தன் பெயரையும் வைக்க மாட்டார், எனக்குத் தெரியும், அழுதுகொண்டே நான் சொன்னதைத்தான் வைப்பார், அது எனக்கு வேண்டாம், நான் இருந்து தோற்க வேண்டும். எழுந்திரு. கத்தினால் வெளியே தள்ளுவார்கள். கத்தாவிட்டால் உள்ளே செத்துப்போவேன். ட்ரீனா கத்தினாளா? கத்தியிருக்க மாட்டாள், அவளுக்கும் அதே வேலை, அதே குரல். எழுந்திரு ரெனீட்டா. தரை சாய்கிறது. மேசை விளிம்பு கையில் தட்டுப்படுகிறது, குளிர்ந்திருக்கிறது, பிடித்துக்கொள்கிறேன். முகமில்லாத இடத்திலிருந்து, இப்போதானே சொன்னேன் மேடம் என்கிறாள். கண்ணு போய் மேடம் வந்துவிட்டது. எனக்குக் கண் தெரியலை என்கிறேன். இந்தக் குரல் யாருடையது? பெரிய குரல், தெருக்கோடி வரை போகிற குரல், அறையில் எல்லோரும் திரும்புகிற சலசலப்பு. அவள் நாற்காலி பின்னுக்கு நகர்கிற சத்தம். பயந்துவிட்டாள். இப்போது பயப்படுகிறாள், என்னைப் பார்த்து. முழங்கைக்குப் பக்கத்தில் மூச்சு, காவலாளி வந்துவிட்டார். தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுகிறார்.

"சத்தம் போடாதீங்க சிஸ்டர். போட்டா நான் உங்கள வெளிய அனுப்பியாகணும்."

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்தக் கையில பிரஷர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஒண்ணும் இல்லேன்னா நானே நடந்து போயிடறேன்."

கோட்டைக் கழற்றுகிறேன். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது, பார்க்கட்டும். கையை மேசைமேல் நீட்டி வைக்கிறேன். யாரும் அசையவில்லை. கையும் அசையவில்லை, அங்கேயே கிடக்கிறது. பார்த்துடுங்கம்மா, ஒரு நிமிஷ வேலை என்கிறார் காவலாளி. என்மேல் நம்பிக்கை வந்ததா, சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அவள் பெருமூச்சு விடுகிறாள். சக்கர வண்டி உருண்டு வருகிறது. பட்டையை முரட்டுத்தனமாகச் சுற்றுகிறாள், பட்டை உறுமிக்கொண்டே இறுக்குகிறது, இறுக்குகிறது, கை மரத்துப்போகிறது, தளர்கிறது. கடவுளே, அதிகமாக இருக்கட்டும். ஆமாம், அப்படித்தான் வேண்டிக்கொள்கிறேன், குறைவாக இருந்தால் என்ன செய்வேன், குறைவாக இருந்து இந்த ஆள் என்னை வெளியே விட்டால் எங்கே போய் நிற்பேன், ஏறியிருக்கட்டும், கொல்கிற அளவுக்கு ஏறியிருக்கட்டும். அவள் மறுபடி அழுத்துகிறாள், மறுபடி இறுகுகிறது, மறுபடி தளர்கிறது. இருநூறைத் தாண்டின ஓர் எண்ணை அவள் சொல்கிறாள், என்னிடம் இல்லை, பின்னால் திரும்பி, உரக்க. கதவு அடித்துக்கொள்கிறது. ஓடுகிற செருப்புகள். என்னை யாரோ பின்னாலிருந்து பிடித்து உட்கார வைக்கிறார்கள், நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, நகர்கிறோம். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இப்படி ஒரு சந்தோஷம் குழந்தையைக் கையில் வாங்கினபோதுகூட வரவில்லை. நான் சொன்னது நிஜம். ஒரு மிஷின் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டது, நான் சாகக் கூடியவள்தான் என்று. விளக்குகள் தலைக்கு மேல் ஓடுகின்றன. யாரோ ஊசி கேட்கிறார்கள், யாரோ என் தோட்டைக் கழற்றுகிறார்கள், பிரசவம் எப்போது, எத்தனை நாள் என்று கேள்விகள் பறக்கின்றன, அதைத்தானே நான் வந்ததும் சொன்னேன். ஹெதர் கூடவே ஓடி வருகிறாள். குனிகிறாள், மூச்சு வாங்குகிறது, குரல் நடுங்குகிறது, அழுதுவிடுவாள் போலிருக்கிறது.

"இவ்வளவு முடியாம இருந்திருக்கே, ஏன் முன்னாடியே சொல்லலை நீங்க?"

"மன்னிச்சிடுங்க" என்கிறேன்.

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பரவாயில்லை என்று அவள் என் தோளைத் தட்டிக் கொடுக்கிறாள், மன்னித்துவிட்டாள், என்னை மன்னித்துவிட்டாள். கையில் ஊசி ஏறுகிறது. இரட்டைக் கதவு திறக்கிறது. இல்லை, நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடு. அந்த மன்னிப்பை நான் உன்னிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும், நேரில் வந்து, என் சொந்தக் குரலில் கேட்டு வாங்க வேண்டும், அதற்காகவாவது நான் பிழைத்தாக வேண்டும்.